துணி காயாத ஊரில் முட்டைக்கு ஏன் தாகம்?

கர்க்கடகம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் துணி காயாது. நம் ஆடி மாதம்தான் அங்கே கர்க்கடகம். கொடியில் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் சில்லென்றிருக்கும். டப்பாவில் வைத்த அப்பளம் நமுத்துப்போகும். மூலையில் கிடக்கும் தோல் செருப்பில் பூசணம் பூக்கும். அப்படியொரு மழைநாளில், வீட்டில் சின்ன இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். முட்டைகளுக்குக் கீழே இருக்கும் தட்டில் டம்ளரால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஊரே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறதே, இதற்கு மேல் எதற்குத் தண்ணீர் என்று கேட்டால் ஈரப்பத மீட்டரைக் காட்டுவார். வெளியே 90 சதவீதம். பெட்டிக்குள் 47.

பெட்டி ஒன்றும் காற்றுப் புகாத பெட்டியில்லை. வெளிக்காற்றுதான் துளை வழியே உள்ளே போகிறது. அப்படியானால் பாதி ஈரம் எங்கே மாயமானது?

அதைக் கண்டுபிடிக்கும் முன், இந்தப் பெட்டிக்கு என்ன அவசியம் வந்தது என்று பார்த்துவிடலாம். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். மலையாளத்தில் இதற்கு ‘அடயிரிக்குக’ என்பார்கள், நம் ‘அடை’யேதான். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற சுரப்பு நீர் பெருகுவதால் இது நடக்கிறது. அது பெருகினால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு சில வாரங்கள் என்று மாதக்கணக்கில் முட்டை கிடையாது. முட்டை வியாபாரத்துக்கு இது நஷ்டம். ஆகவே அடைக்கு உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். அப்படி உருவானதுதான் வெள்ளை லெகார்ன். நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும் முட்டைகளை இடும் கோழிகள் இந்த வழி வந்தவை. முட்டை அதிகம், தாய்மை பூஜ்யம். தாயாக மறுக்கும் கோழிக்கு வாரிசு வேண்டுமென்றால், அடையிருக்கும் வேலையை யாராவது ஏற்கத்தான் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னில் கேரளக் கால்நடைத் துறையின் மண்டலக் கோழிப்பண்ணை இருக்கிறது. அரசுப் பண்ணைகளிலிருந்து வரும் ஒருநாள் குஞ்சுகளை நர்சரிக்காரர்கள் வாங்கி, ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்து வீடுகளுக்கு விற்கிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமலக்ஷ்மி, கிராமஸ்ரீ போன்ற கோழிகள் புழக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். இந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூடத் தாயைப் பார்த்ததில்லை.

இனி, காணாமல் போன ஈரம்.

கிழக்கேகோட்டையில் ஒரு மினி பஸ் நிற்கிறது. 24 இருக்கை, 22 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘பஸ் நிறைந்துவிட்டது’ என்று நடத்துநர் சொல்வார். அதே 22 பேரையும் இறக்கி 45 இருக்கையுள்ள பெரிய பஸ்ஸில் ஏற்றினால், ‘பாதி காலி’ என்பார். ஆட்களில் ஒருவரும் குறையவில்லை. இடம்தான் கூடியிருக்கிறது.

காற்றும் ஒரு பஸ். சூடு ஏற ஏற அதில் இருக்கை கூடும். 26 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 24 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். 37.5 டிகிரியில் ஏறக்குறைய 45 கிராம். நாம் ஈரப்பதம் என்று சதவீதத்தில் சொல்வது, மொத்த இருக்கையில் எத்தனை நிறைந்திருக்கிறது என்ற கணக்கைத்தான். இதற்கு ‘ஒப்பு ஈரப்பதம்’ என்று பெயர். மழைக்காற்று பெட்டிக்குள் நுழைந்து சூடானதும், நீராவி அப்படியே இருக்கிறது, இருக்கை இரட்டிப்பாகிறது. ஈரம் எங்கும் போகவில்லை.

காலி இருக்கை உள்ள பஸ் வழியில் நிற்பவரையெல்லாம் ஏற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் அப்படி நிற்பது முட்டைக்குள் இருக்கும் நீர். முட்டையோடு பார்க்கத்தான் சுவர்போல இருக்கிறது. அதில் சராசரியாகப் பத்தாயிரம் நுண்துளைகள் உண்டு. கருவுக்குத் தேவையான ஆக்ஸிஜன் அவற்றின் வழியேதான் உள்ளே வருகிறது, கரியமில வாயு வெளியே போகிறது. கதவு திறந்திருப்பதால் நீரும் போகிறது.

முழுக்கத் தடுத்துவிடலாமே என்றால், கூடாது. முட்டையின் பருத்த முனையில் ஒரு சிறு வெற்றிடம் இருக்கும். வேகவைத்த முட்டையை உரித்தால் ஒரு முனையில் குழி தெரியுமே, அதுதான். காற்றறை என்று சொல்லலாம். நீர் வெளியேற வெளியேற அந்த அறை பெரிதாகும். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் அலகால் உள்சவ்வைக் கிழித்து, வாழ்க்கையின் முதல் மூச்சை அந்த அறையிலிருந்துதான் இழுக்கிறது. பொரியும் வரை முட்டை தன் எடையில் 11 முதல் 14 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 58 கிராம் முட்டை ஏழு கிராம் போல இளைக்க வேண்டும். இளைக்காவிட்டால் மூச்சிழுக்க இடமின்றிக் குஞ்சு உள்ளேயே திணறிப்போகும். அதிகம் இளைத்தால் சவ்வு காய்ந்து, ஈரப் பாவாடை காலைச் சுற்றிக்கொள்வதுபோல உடம்பை இறுக்கிவிடும். அதனால்தான் முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 55 வாக்கிலும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வரையிலும் வைக்கிறார்கள். கடைசியில் கூட்டுவது, ஓட்டில் விரிசல் விழுந்த பிறகு சவ்வு காயாமலிருக்க. நம் நண்பர் டம்ளரோடு நின்றதற்குக் காரணம் இது.

அடுத்தது சூடு. பொரிப்பானின் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 99.5. குழந்தைக்கு இருந்தால் ‘லேசாகச் சுடுகிறது’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த அளவு. திருவனந்தபுரத்தின் பகல் வெயில் 31, 32 வரை போகும். மிச்சம் ஐந்தாறு டிகிரிதானே, ஊர்ச்சூட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடாதா?

பாதி வேலைதான் ஆபத்து. தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் உறங்கும். வெளியே வைத்தால் பொங்கும். இடையில் நின்றால் பொங்கவும் பொங்காது, புளிப்பு மட்டும் ஏறும். முட்டை கோழியின் வயிற்றில் உருவாக ஒரு நாள் ஆகிறது. கருவுற்ற முட்டை என்றால் அந்த ஒரு நாளும் தாயின் உடற்சூட்டில் வளர்ச்சி நடந்துவிடும். வெளியே வந்து விழும்போதே கருவில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். வெளிக்காற்றில் ஆறியதும் வளர்ச்சி நின்று, கரு உறங்கும். ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் அந்த உறக்கம் முழுமையாகும். இந்த எல்லையை ‘வளர்ச்சிச் சுழியம்’ என்று வைத்துக்கொள்வோம்.

திருவனந்தபுரத்தில் நள்ளிரவில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த ஊரில் சமையலறைக் கூடையில் இருக்கும் கருமுட்டை உறங்குவதே இல்லை. சரியாக விழிப்பதும் இல்லை. அரைத்தூக்கத்தில் கோணல்மாணலாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். பிறகு அடைவைத்து 21 நாள் காத்திருந்தால் கிடைப்பது கூமுட்டை. முட்டாளைத் திட்ட நாம் எடுத்துக்கொண்ட சொல். தவறு முட்டையுடையது அல்ல, கூடையுடையது. அடைமுட்டையை 15 முதல் 18 டிகிரியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைவைக்கச் சொல்வது இதனால்தான். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் முட்டையைப் புதைத்து வைக்கும் நம் கிராமத்து வழக்கத்திலும் இதே அறிவுதான் இருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது மணல் குளிரும். ஆனால் நெல்லைச் சீமையின் வறண்ட காற்றில் குளிர்வதுபோல் திருவனந்தபுரத்தில் குளிராது. அங்கேதான் வெளியே ஓடும் பஸ் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறதே!

கடையில் வாங்கிய முட்டையை அடைவைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. முட்டைப் பண்ணைகளில் சேவல் கிடையாது. அந்த முட்டையில் உறங்குவதற்கே யாரும் இல்லை.

சரி, ஓட்டுக்குள் நடப்பதெல்லாம் எப்படித் தெரிந்தது? உடைத்துப் பார்த்துத்தான். இருபது முட்டையை அடைவைத்து நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்கும்படி பழைய கிரேக்க மருத்துவ நூல் ஒன்று சொல்கிறது. அரிஸ்டாட்டிலும் அப்படிப் பார்த்து, மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் இதயம் ஒரு ரத்தப் பொட்டாகத் துடிப்பதை எழுதிவைத்தார். 1672இல் இத்தாலியின் மல்பீகி அதே காட்சியை நுண்ணோக்கியில் கண்டு படம் வரைந்தார். இன்று உடைக்க வேண்டியதில்லை. ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்தால், சிலந்தி கால் பரப்பியதுபோல ரத்தக்குழாய்கள் தெரியும். வெறும் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் அது கருவில்லாத முட்டை.

தாயில்லாமல் பொரிக்கும் கலை எகிப்தில் மிகப் பழையது. சாணக் குவியலின் சூட்டில் எகிப்தியர் குஞ்சு பொரிப்பதை அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். பின்னாளில் மண் செங்கல் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கினார்கள். தெர்மாமீட்டர் இல்லாத காலம். முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கார்னெலிஸ் டிரெப்பெல் அந்த இமைக்கு மாற்றாக ஒரு பொறி செய்தார். சூடு ஏறினால் குழாயிலுள்ள ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கம்பியை உயர்த்தும். கம்பி அடுப்பின் காற்று வழியை மூடும். சூடு குறைந்தால் தானே திறக்கும். விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டைப் ‘பின்னூட்டம்’ என்கிறோம். இன்று ஃப்ரிட்ஜிலும் இஸ்திரிப் பெட்டியிலும் ‘டிக்’ என்று ஒலிப்பது அதுதான். தானியங்கிக் கருவிகளின் கொள்ளுத்தாத்தாக்களில் ஒன்று கோழிமுட்டைக்காகப் பிறந்தது.

சூடும் ஈரமும் மட்டும் சரியாக இருந்தால் குஞ்சு வந்துவிடாது. அடைக்கோழியைக் கவனித்தால் அதற்குக் காரணம் புரியும்: அது ஓயாமல் அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்கான ரத்தக்குழாய் வலையும் ஒழுங்காகப் பரவாது. அடுப்பில் பால் அடிப்பிடிக்காமலிருக்கக் கிண்டுவதுபோல. பெரிய பொறிகள் மணிக்கு ஒருமுறை தட்டுகளைச் சாய்க்கின்றன. கையால் செய்பவர் நாளுக்கு மூன்று முறையோ ஐந்து முறையோ புரட்டுவார். ஒற்றைப்படை என்றால் தினமும் இரவில் ஒரே பக்கம் கீழே வராது. 18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் திருப்பிக்கொண்டு தயாராகிவிடும்.

அதற்குள் முட்டையே ஒரு குட்டி அடுப்பாகியிருக்கும். முதல் வாரம் சூட்டை வாங்கிக்கொண்டிருந்த கரு, பிற்பாதியில் சூட்டைக் கொடுக்கத் தொடங்கும். 18ஆம் நாளில் ஒரு முட்டை 0.1 வாட்டுக்கு மேல் வெப்பம் விடும். அற்பம்தான், ஆனால் பத்தாயிரம் முட்டைகள் சேர்ந்தால் ஓர் இஸ்திரிப் பெட்டி. அதனால் மின்சாரம் போனால் இரண்டு இடத்தில் இரண்டு வைத்தியம். சின்னப் பெட்டிக்காரர் திறக்காமல் சாக்கைப் போட்டு மூட வேண்டும். பெரிய பொறிக்காரரோ முற்றிய முட்டைகள் புழுங்காமலிருக்கக் கதவைத் திறக்க வேண்டும். முட்டை சற்றுக் குளிர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தாய்க்கோழியே தினமும் இருபது நிமிடம் போல இரைக்கு எழுந்து போகிறதல்லவா? ஆனால் 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நின்றால் பொறுக்காது.

20ஆம் நாள் முட்டைக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்கும். 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளில் இதை ஆராய்ந்தார். ஒன்றையொன்று தொட்டபடி வைத்த முட்டைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிந்தன. தனித்தனியே வைத்தவை முன்பின்னாகப் பொரிந்தன. செயற்கையாக அந்த ஒலியை எழுப்பியபோது, பின்தங்கிய முட்டையும் வேகம் பிடித்தது. ‘கிளம்பலாமா?’ என்று உடன்பிறப்புகள் ஓட்டைத் தாண்டிப் பேசிக்கொள்கின்றன. பிறகு அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல் என்ற சிறு கூர்முனையால் ஓட்டைத் தட்டி, வட்டமாக விரிசல் போட்டுக் குஞ்சு வெளியே வரும். பாவமென்று நாம் ஓட்டைப் பிய்க்கக் கூடாது. உள்ளே ரத்தக்குழாய்கள் வற்றி முடிய நேரம் வேண்டும்.

பொரிவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது குஞ்சு. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. இரண்டு மூன்று நாள் தாங்கும். முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடைவெளி விழுந்தாலும் தாய் எழாமல் உட்கார்ந்திருக்க இயற்கை செய்த ஏற்பாடு. ஒருநாள் குஞ்சைப் பெட்டியில் போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்பும் தொழிலே இதை நம்பித்தான் நடக்கிறது. தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களும் அதே மஞ்சள்கருவில் வருகின்றன. முதல் சில வாரங்களுக்கு அதுதான் கவசம். அது தேய்வதற்குள் ராணிக்கெட் போன்ற நோய்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துவிடுவார்கள்.

வெளியே வந்த குஞ்சுக்கு மறுபடி சூடு வேண்டும். பஞ்சுபோன்ற அந்த மெல்லிய தூவி குளிரைத் தாங்காது. ஆழ்கூளமாக நெல் உமியோ மரத்தூளோ பரப்பி, தகட்டால் வளையம் கட்டி, நடுவில் பல்பு தொங்கவிடுவதுதான் புரூடர்; அடைக்கொட்டில் என்று சொல்லிப் பார்க்கலாம். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே போவார்கள். மழையில்லாத நாட்களில் திருவனந்தபுரத்தில் இரண்டாம் வாரமே பகலில் பல்பை அணைத்துவிடலாம், இரவுக்குத்தான் வேண்டும். வீட்டில் இதைச் செய்பவர்கள் குண்டு பல்பைத் தேடி அலைகிறார்கள். மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறதென்று நாம் தள்ளிவைத்த பல்பின் அந்தக் குற்றம்தான் குஞ்சுக்குத் தேவை. எல்இடியால் வெளிச்சம் தர முடியும், கதகதப்புத் தர முடியாது.

பல்பின் உயரத்தைத் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே துல்லியமாகச் சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். விளிம்புக்கு ஓடி வாயைப் பிளந்து மூச்சிரைத்தால் சூடு. ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று வீசுகிறது. எள்ளை இறைத்ததுபோல் பரவித் தின்றுகொண்டிருந்தால் எல்லாம் சரி.

தீனியைக் கொத்தக் குஞ்சுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தண்ணீரைத்தான் அதற்கு அடையாளம் தெரியாது. தாய் இருந்தால் அதைப் பார்த்துக் குடிக்கும். தாயில்லாத இடத்தில் நாம் ஒருமுறை அலகைத் தொட்டு நனைத்துவிட வேண்டும். ஒன்று குடித்தால் மற்றவை பார்த்துக் குடிக்கும். யாரைத் தாய் என்று நம்புவது என்பதும் சொல்லித் தெரிவதில்லை. டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873இல் எழுதிய கட்டுரையில், பொரிந்ததும் குஞ்சுகளின் கண்ணை மறைத்துவைத்துச் சோதித்ததைச் சொல்கிறார். சீக்கிரம் திறந்துவிட்டவை கண்ணெதிரே நடமாடியவரைப் பின்தொடர்ந்தன. நான்கு நாள் கழித்துத் திறந்தவை அவரைக் கண்டு மிரண்டு ஓடின. ‘மனப்பதிவு’ என்று இன்று சொல்லப்படும் இதற்கு வாய்க்கும் நேரம் அவ்வளவு குறுகியது. புரூடரில் வளரும் குஞ்சுகள் அந்த நேரத்தை ஒன்றையொன்று பார்த்தே கழித்துவிடுகின்றன.

யாருமே எதிர்பாராத பாடம் கடைசியில்தான் வந்தது. 1971இல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா கிருமி பரவியது. பொரிப்பகங்கள் அத்தனை சுத்தம். முட்டைக்குப் புகையூட்டி, தரையைக் கழுவி எல்லாம் செய்தும் குஞ்சுகளைக் கிருமி எளிதில் தொற்றிக்கொண்டது. எஸ்கோ நுர்மி, ரன்டலா என்ற ஆய்வாளர்கள் தலைகீழாக யோசித்தார்கள். நோயற்ற வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் கரைத்துக் குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். அந்தக் குஞ்சுகளைக் கிருமியால் எளிதில் பிடிக்க முடியவில்லை. 1973இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது.

மறுபடியும் பஸ்தான். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் குடலுக்குள்ளும் நடக்கிறது. அடைக்கோழியின் கீழே பிறக்கும் குஞ்சு, தாயின் இறகிலும் எச்சத்திலும் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை முதல் நாளே விழுங்கிவிடும். அவை குடலில் துண்டு போட்டுவிடும். பின்னால் வரும் கெட்ட கிருமிக்கு இடமிருக்காது. ‘இடம்பிடி விலக்கம்’ என்று இதைச் சொல்லலாம். சுத்தமான பொறியில் பிறந்த குஞ்சின் குடலோ காலி பஸ். யார் முதலில் ஏறினாலும் அவர்களுக்கே இருக்கை. தாயிடம் அழுக்கென்று நினைத்ததும் ஒரு சீதனமாக இருந்திருக்கிறது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அடையில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்த கோழி சூடு கொடுத்தது, ஈரம் காத்தது, புரட்டியது, தண்ணீரைக் காட்டியது, நுண்ணுயிரைத் தந்தது. பொறி தோற்கும்போதுதான் இவற்றில் ஒவ்வொன்றின் அருமையும் நமக்குத் தெரிகிறது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. கேரளத்தின் சொந்த இனமான தலச்சேரிக் கோழி இன்னும் அடை மறக்கவில்லை. அதன் முட்டையைப் பொறியில் வைத்துப் பொரித்து, குண்டு பல்பின் கீழ் வளர்த்து, புழக்கடையில் விடுங்கள். தாயின் இறகுச் சூட்டை அது அறிந்ததேயில்லை. பெட்டையாகிச் சில மாதம் முட்டையிட்ட பிறகு ஒருநாள் கூடையைவிட்டு எழாது. கழுத்துச் சிறகைச் சிலிர்த்து, அடித்தொண்டையில் உறுமும். முட்டையை எடுக்க நீளும் கையை நறுக்கென்று கொத்தும்.